அக்கா கொடுத்தது

காலையில் கடிகாரம் மணியடித்ததும் தையற்காரர் இரண்டு மாத்திரைகளை வாயில் போட்டு, ஒரு குவளைத் தண்ணீரை அண்ணாந்து குடித்து, வாயைத் திறந்து அக்காவிடம் காட்டுவார். அவள் தலையசைத்துவிட்டு அடுப்படிக்குப் போவாள். அவள் முதுகு மறைந்ததும், நாக்கின் அடியில் ஒதுக்கியிருந்ததைத் துப்பிவிட்டுத் தையல் இயந்திரத்தின் முன் அமர்வார்.

அன்று அவள் அடுப்படிக்குப் போனபோது, அவருடைய அடிவயிற்றுத் தழும்புக்குக் கீழே ஏதோ ஒன்று அந்தப் பக்கமாக லேசாக இழுத்தது.

தழும்புக்குள் இருந்தது அக்காவின் சிறுநீரகம். உள்ளே வந்திருப்பது விருந்தாளி என்றும், மாத்திரையை நிறுத்தினால் அவருடைய உடம்பே அதைத் திருடனென்று எண்ணித் தாக்கும் என்றும் மருத்துவர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். ஆனால் மாத்திரை கையை நடுங்க வைத்தது. காஜா கோணியது. பழைய வாடிக்கையாளர் ஒருவர் சட்டையைத் தூக்கிப் பிடித்து, இது பொத்தானுக்கு விட்ட துளையா, எலி கடித்ததா என்று கேட்டுச் சிரித்தார். நோயைப் பொறுத்துக்கொண்டவருக்கு அந்தச் சிரிப்புப் பொறுக்கவில்லை. மாத்திரையை நிறுத்தினார். நடுக்கம் நின்றது, காஜா கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம்போல வந்தது.

பிற்பகலில் மழைக்கு இருட்டியது. ஈரத் துணியின் வாடையும் இயந்திர எண்ணெயின் வாடையும் கலந்த அறையில், வீங்கிய பாதத்தை மிதிகட்டையில் வைக்க முடியாமல் அவர் உட்கார்ந்திருக்க, கொல்லையில் அக்கா துணியை அடித்துத் துவைக்கும் ஓசைக்கு ஏற்றாற்போலத் தழும்புக்குள் ஒரு துடிப்பு விழுந்துகொண்டிருந்தது. ஓசை நின்றது. துடிப்பும் நின்றது. அவள் வாசல் பக்கம் நடந்தாள். இழுப்பும் வாசல் பக்கம் திரும்பியது.

அவள் உள்ளே வந்து, இடுப்பின் காலியான பக்கத்தைத் தடவிக்கொண்டாள்.

"கொஞ்ச நாளா யாரோ அழுதுகிட்டே கூப்பிடற மாதிரி இருக்குடா தம்பி. இங்கதான் கேக்குது."

அவர் இயந்திரத்தின் இழுப்பறையைத் திறந்தார். மாத்திரைகளை எடுத்தார். விழுங்கினார். நாக்கைத் தூக்கிக் காட்டினார்.

"இத்தனை நாளும் துப்பிட்டேன் அக்கா. கை நடுங்குச்சு. தப்புதான். இனிமே ஒருவேளைகூட விடமாட்டேன். இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

அவள் அவருடைய வீங்கிய பாதத்தைப் பார்த்தாள்.

"என் உடம்பை அறுத்துக் குடுத்தேன். உனக்குக் காஜா பெரிசாப் போச்சு."

பிறகு அவர் முன்னால் மண்டியிட்டாள். அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை. சட்டையை விலக்கி, தழும்புக்கு எதிரே உள்ளங்கையை விரித்தாள். தொடவில்லை.

"வலிக்குதா?"

"ஆமா அக்கா."

"உன்னைக் கேக்கலடா."

வெளியே மழை பெய்யத் தொடங்கியது. அவள் குரல் தாழ்ந்தது. தூளியில் கிடப்பதை எழுப்புகிற குரல்.

"வா. நாம போலாம்."

தழும்பின் நடுவில் தோல் எழும்பியது. மெதுவாக. அந்த உள்ளங்கையை நோக்கி.