நாடாச்செடி

தண்ணீருக்கடியில் செடி பின்னலாக நின்றது.

காலையில் பல் துலக்கியபடி கொல்லைப்பக்கம் வந்தவள், யாரோ குளத்துக்குள் கயிற்றைப் போட்டுவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தாள். கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். கயிறு இல்லை. நேற்று அவளே கூடையில் மண் நிரப்பி நட்டு, மேலே கூழாங்கல் பரப்பி, குளத்தின் நடுவில் இறக்கிய நாடாச்செடி. ரிப்பன் ரிப்பனாக நீண்டு ஆடிக்கொண்டிருந்த அதன் இலைகள் இப்போது மூன்று புரிகளாகச் சேர்ந்து, அடியிலிருந்து நுனிவரை ஒரே சீராக, இழுத்துப் பின்னிய சடையாக நின்றன. நுனி அவிழாதபடி ஓர் இலை முடிச்சாகச் சுற்றியிருந்தது.

"குருவி, இது உன் வேலையா?"

மகள் படியில் உட்கார்ந்து ஷூவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். "எனக்குப் பின்னத் தெரியாதேம்மா."

அதுவும் சரிதான். லேஸ் கட்டவே தெரியாத பிள்ளை. அதோடு வேலிக் கதவின் கொக்கி அவளுக்கு எட்டாது. குடிவந்த அன்றே குருவியின் அம்மா அதைத்தான் முதலில் உயரத்தில் மாட்டச் சொன்னாள். கணவன் கப்பலில் எஞ்சின் ரூம் வேலை. மாதக்கணக்கில் கடலில் இருப்பவன். அவளோ ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு ஓடும் பிழைப்பில், ஒரு புல்கூட முளைக்காத அந்தக் கறுத்த தண்ணீரைப் பார்க்கும்போதெல்லாம் கொக்கியை இன்னொரு முறை இழுத்துப் பார்த்துக்கொள்வாள். நாலு செடி இருந்தால் குளம் குளமாகத் தெரியும் என்றுதான் நர்சரிக்குப் போனாள்.

அன்று மாலை மறுபடியும் போனாள்.

"தண்ணி ஓட்டத்துல சுத்திக்கிட்டிருக்கும்மா" என்றார் நர்சரிக்காரர்.

"ஓட்டமே இல்லாத தண்ணிங்க. வளையாத செடியா ஏதாவது குடுங்க."

அவர் சிரித்தார். "எல்லாரும் சாகாத செடி கேப்பாங்க. நீங்க வளையாத செடி கேக்குறீங்க. ஆகாயத்தாமரை மட்டும் கேட்டுடாதீங்க. வந்து உக்காந்தா அப்புறம் வீட்டையே எழுதி வாங்கிடும்." தொட்டிகளுக்கிடையே நடந்து, விறைப்பாக நின்ற கோரையையும் ஓர் அல்லிக் கிழங்கையும் எடுத்து வைத்தார். "கோரைய ஓரத்துல வைங்க, அல்லிய ஆழத்துல இறக்குங்க. வெயிலும் தாங்கும், குளிரும் தாங்கும். நீங்க மறந்தே போனாலும் பொழைச்சுக்கும்."

பிழைத்துக்கொண்டன. அதுதான் கொடுமை.

கோரைத் தண்டுகள் அங்குலத்துக்கு அங்குலம் மடக்கப்பட்டுப் பின்னலாயின. மடங்கிய இடத்திலும் பச்சை மாறவில்லை. அல்லி இலை விடும்வரை ஒன்றுமில்லை. இலைகள் தண்ணீர்மேல் விரிந்து, இனிப் பயமில்லை என்று அவள் மூச்சுவிட்ட வாரத்தில், ஒரு காலையில் இலைகளெல்லாம் ஒரே இடத்தில் குவிந்து கிடந்தன. அடியில் அவற்றின் காம்புகள் சேர்த்துப் பின்னப்பட்டிருந்தன. அந்தப் பின்னலுக்குள்ளிருந்தே ஒரு மொட்டு தலை நீட்டி, வெள்ளையாகப் பூத்திருந்தது.

அவள் அந்தப் பூவைப் பார்த்துக்கொண்டே கணவனுக்குப் போன் போட்டாள். நடந்ததைச் சொன்னாள்.

"ஏதாவது பூச்சி, நண்டு வேலையா இருக்கும்" என்றான்.

"நண்டுக்குச் சடை பின்னத் தெரியுமா?"

"சரி, உனக்கு மனசுக்குச் சரியில்லன்னா மண்ணடிச்சு மூடிடு. வீட்டுக்காரம்மாகிட்ட நான் பேசிக்கிறேன்."

மறுநாள் காலையில் ஒரு லாரி மண் வருவதாக ஏற்பாடாயிற்று. இதைச் சொன்னபோது குருவி அழவில்லை, அடம்பிடிக்கவில்லை. "அப்ப அவங்க எங்க போவாங்க?" என்று மட்டும் கேட்டாள். மீன்கூட இல்லாத குளம். தவளையைச் சொல்கிறாள் என்று அம்மா நினைத்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் துணி மடித்துக்கொண்டிருந்தாள். வெளிச்சம் ஜன்னலை விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்க, இஸ்திரியின் சூட்டு வாசனைக்குள் எங்கிருந்தோ சேற்று வாடை நூலாக நுழைந்து, அறை முழுக்கப் பரவி, நாக்கில் உலோகம்போல் படிந்தது. கூடத்தில் படம் வரைந்துகொண்டிருந்த குருவியின் முணுமுணுப்பு எப்போது நின்றதென்று அவளுக்குத் தெரியவில்லை. பிறகு ஒரு சத்தம். சீப்பைத் தண்ணீரில் தோய்த்து உதறுவதுபோல. மறுபடியும் அதே சத்தம்.

அவள் கையிலிருந்த சட்டையோடு எழுந்தாள்.

கூடத்தில் பிள்ளை இல்லை. கொல்லைக் கதவு திறந்திருந்தது. படியில் குருவி முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். தலைவாரும்போது ஒரு நிமிடம் அடங்காத பிள்ளை, கழுத்தை நிமிர்த்தி, அசையாமல் இருந்தாள்.

முதுகில் ஒற்றைச் சடை. இறுக்கமாக. சீராக. நுனியில் நாடாச்செடி இலை முடிச்சு. அதிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

வேலிக் கதவின் கொக்கி மாட்டியபடியே இருந்தது. வேலியிலிருந்து படிவரை சிமென்ட் தரை நனைந்திருந்தது. கால்தடம் இல்லை. வெறும் ஈரம், எதையோ இழுத்து வந்ததுபோல.

"யாரு பின்னிவிட்டா?" சட்டையைப் போட்டுவிட்டுப் பிள்ளையிடம் ஓடினாள்.

"அவங்கதான். நீ பின்னினா வலிக்கும். இவங்க பின்னினா வலிக்கல."

அவள் பிள்ளையை வாரி எடுத்தாள். குருவியின் மணிக்கட்டில், காலையில் அம்மா முடியில் போட்டுவிட்ட சிவப்பு ரப்பர் பேண்ட் இருந்தது.

"எங்க போனாங்க?" கண் குளத்தின்மேலேயே இருந்தது. தண்ணீர் அசையவில்லை. "தண்ணிக்குள்ளயா?"

"இல்லம்மா."

பிள்ளை குளத்தைப் பார்க்கவில்லை. அம்மாவின் தோளுக்குப் பின்னால், வீட்டுக்குள் பார்த்தாள்.

"நாளைக்கு மண்ணு போட்டுடுவோம்ல. அதான் உள்ள வந்துட்டாங்க."

சேற்று வாடை.

ஓட வேண்டும். பிள்ளையை இறுக்கிக்கொண்டாள்.

பிடரியில் ஒரு சொட்டு விழுந்தது. குளிர்ந்த சொட்டு. இன்னொன்று.

அவளுடைய கொண்டை ஊசியை ஏதோ மெதுவாக உருவியது. கூந்தல் அவிழ்ந்து முதுகில் விழுந்தது. ஈர விரல்கள் உச்சியிலிருந்து கோதி இறங்கின. நிதானமாக. அவசரமே இல்லாமல். முடியை மூன்றாகப் பிரித்தன.

குருவி மணிக்கட்டிலிருந்த ரப்பர் பேண்டைக் கழற்றி, அம்மாவின் தோளுக்கு மேலாகக் கையை நீட்டினாள்.

கை வெறுமையாகத் திரும்பி வந்தது.