தேன் கலவாத தேறல்

சுருளியாற்றின்மீது நிலவு எழுந்த அந்த அந்திப் பொழுதில், முன்னொரு காலம் யவன மாலுமி ஒருவன் நட்ட திராட்சைக் கொடிகளிலிருந்து தலைமுறை தலைமுறையாக வெண்தேறல் வடித்துவந்த மாளிகையின் தோட்டமெங்கும் பகைவரின் கூடாரங்கள் முளைத்திருந்தன. திராட்சைப் பந்தற்கால்களில் குதிரைகள் கட்டப்பட்டிருந்தன. காற்றுகூடக் களைத்துப்போய், இலைகளை அசைக்கலாமா வேண்டாமா என்று யோசிப்பதுபோல் வந்து நின்றது.

மாளிகைத் தலைவி நல்லினியும் களைத்திருந்தாள். போருக்குப் போன கணவன் எயினன் மாண்டான் என்று ஊரே சொல்லியும் அவள் தாலியைக் கழற்றவில்லை. அது கழுத்தில் இருக்கும்வரை மாளிகை அவளுடையது. கழன்றால் வாரிசற்ற சொத்தாகி, ஊரைப் பிடித்த படைத்தலைவன் வேல்மாறனைச் சேரும். அந்நாட்டு வழக்கம் அது.

"அம்மணி, உங்கள் கணவர் புதைத்துவைத்த அந்தக் கடைசித் தேறல்தாழியை இன்றாவது திறப்பீர்களா?" என்றான் வேல்மாறன்.

"தாழியை நாங்கள் திறப்பதில்லை, ஐயா. எழுப்புவோம். உறங்க வைத்தவரே எழுப்பவேண்டும்."

"உறங்க வைத்தவரே உறங்கிவிட்டால்?"

"அவருடைய ஈமச்சடங்கில் எழுப்புவோம்."

"அப்படியானால் அந்த நாள் எப்போதோ கடந்துவிட்டது!" என்று சிரித்தவன், வாட்பிடியால் களிமண் மூடியை உடைத்தான்.

"உடைத்தது உங்கள் வாள். நான் எழுப்பவில்லை, நான் இன்னும் மனைவிதான்" என்றாள் நல்லினி. குரலில் கோபம்கூட இல்லை.

மண்ணுக்கடியில் கிடந்து முதிர்ந்த தேறல் வைக்கோலின் பொன்னிறத்தில் கிண்ணத்தில் இறங்கியது. ஒரு வாய் குடித்ததும் வேல்மாறன் முகம் சுளித்தான்.

"தூ! இனிப்பு என்பதே இல்லையே! இதற்கா இத்தனை காவல்? கொண்டுவா தேனை, தாழியிலேயே ஊற்று!"

"ஐயோ, தேன் வேண்டாம்! இப்போதுதானே எழுப்பினீர்கள், சற்றுக் காற்று வாங்கட்டும்!"

கத்தியவன், முகத்தில் தீத்தழும்பும் அடர்ந்த தாடியும் கொண்ட, வேல்மாறனின் மெய்க்காவலன்.

"அடடே, பேசவே பேசாத நம் ஆந்தை வாய் திறந்துவிட்டது!" என்று வீரர்கள் சிரித்தார்கள். வேல்மாறன் சிரிக்கவில்லை.

"இந்த வீட்டுப் பக்குவம் உனக்கு எப்படியடா தெரியும்?"

வாசகர்களே, மெய்க்காவலன் வேடத்தில் ஒற்றனாக வந்து, எதிரியின் படை எந்தக் கணவாய் வழியே தலைநகர்மேல் பாயப்போகிறது என்பதுவரை அறிந்துகொண்ட எயினன், பகைவர் நடுவே ஒருமுறைகூடத் தவறாதவன், தேன்குடத்தைக் கண்டு தவறிவிட்டான்! அந்தக் குரலை நல்லினிக்கு யாரும் அடையாளம் காட்ட வேண்டியிருக்கவில்லை.

அவள் நிமிர்ந்து பார்க்கவும் இல்லை.

"இவனா? எங்கள் பந்தலில் வேலை செய்தவன். திருட்டுக் குடி குடித்து ஓடிப்போனான். என் கணவர் இருந்தால் தோலை உரித்திருப்பார்."

"இருந்தால்?"

அவள் தாலியைப் பற்றினாள்.

"அவர் இறந்துவிட்டார், ஐயா. இது அவருடைய ஈமத் தேறல்." தாலியைக் கழற்றித் தாழியின் அருகே வைத்தாள். ஒரு கிண்ணத்தை மட்டும் தனக்கென முகந்துகொண்டு, தேன்குடத்தைத் தன் கையாலேயே தாழிக்குள் கவிழ்த்தாள். "போதுமா? மாளிகையை எடுத்துக்கொள்ளுங்கள். எனக்கு அலுத்துவிட்டது."

உயிரோடிருப்பவரை இறந்தவர் என்று சொல்லிவிட்டபின் உடம்பில் ஒரு பாரம் ஏறும். சாவுச் செய்தியைத் தாங்கியவர்களுக்குக்கூட அது தெரியாது.

வேல்மாறனுடைய சந்தேகமெல்லாம் மகிழ்ச்சியில் கரைந்தது. "வாய் புளிக்கிறது, கொப்பளிக்கத் தண்ணீர்!"

"பழைய வேலைக்காரன் இருக்கிறானே, ஆற்றுக்கு அனுப்புங்கள்" என்றாள் நல்லினி. "வழி மறந்திருக்க மாட்டான்."

எயினன் குடத்தைத் தூக்கினான். அவளைக் கடக்கும்போது அவன் கால் ஒருமுறை தயங்கியது. "போடா!" என்று அவள் அதட்டினாள். அவன் போனான்.

"குடமெடுத்துப் போனவன் எங்கே?" என்ற கூச்சல் எழுந்தபோது, கரையில் வெறுங்குடம் மட்டும் கிடந்தது. ஆற்றின் வளைவில் ஓடமொன்று நிலவுக்குள் மறைந்துகொண்டிருந்தது.

தோட்டத்து ஓரத்தில் நல்லினி தன் கிண்ணத்தோடு காத்திருந்தாள். ஓடம் கண்ணுக்குத் தெரியாமல் போனபிறகு, "தேறல் இப்போது விழித்திருக்கும்" என்று சொல்லிக்கொண்டு குடித்தாள்.