தேய்மானம்

வியாழக்கிழமை பொருத்திய கிளட்ச் பெடலின் ரப்பர் ஞாயிற்றுக்கிழமை காலையில் தேய்ந்திருந்தது.

அம்பிகா அதைத் தேடிப் பார்க்கவில்லை. வீட்டின் பக்கவாட்டில் இருந்த தகரக் கொட்டகையைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். உள்ளே நின்ற பழைய ஜீப்பின் ஓட்டுநர் பக்கத்துக் கதவைக் கணவர் கழற்றிச் சுவரில் சாய்த்திருந்தார். துடைப்பத்தோடு அவள் குனிந்தபோது, பெடல் அவள் கண்ணுக்கு நேராக வந்தது. ஆம்பூரில் ஏற்றுமதிக்கு ஷூ செய்யும் தொழிற்சாலை ஒன்றில் இருபத்திரண்டு ஆண்டுகளாகத் தரம் பார்க்கும் பிரிவில் இருப்பவள் அவள். திரும்பி வந்த ஜோடி ஒன்றைக் கையில் கொடுத்தால், அடிப்பாகத்தின் தேய்மானத்தைப் பார்த்து, அணிந்தவர் எந்தக் காலில் சாய்ந்து நடப்பவர், எந்த விரல் தரையில் ஊன்றாது, உடல் கனம் எவ்வளவு இருக்கும் என்று சொல்லிவிடுவாள். அந்த ரப்பரின் வரிகள் இடது ஓரத்தில் மட்டும் மழுங்கி வழவழப்பாகியிருந்தன. கீழ்மூலையில் இரும்பு தெரிந்தது. பத்து ஆண்டுகள் தினமும் மிதித்தால் வரக்கூடிய தேய்மானம். மிதித்த கால் பெரியது. வெளி ஓரத்தில் ஊன்றுவது. சுண்டுவிரலும் அதற்கு அடுத்த விரலும் அதில் இல்லை.

அந்த வண்டிக்கு அப்போது எஞ்சினே கிடையாது. எஞ்சின் மூன்று வாரங்களாகக் கொட்டகையின் மூலையில், மரக்கட்டைகளின்மேல், எண்ணெய்ச் சாக்கைப் போர்த்திக்கொண்டு கிடந்தது.

"ஏங்க, பழைய ரப்பரையே திரும்ப மாட்டிட்டீங்களா?"

வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்த சம்பத்தின் கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. "புதுசு அம்பி. கவர் அங்கதான் கெடக்குது பாரு. இன்னா, கம்பெனியில ரிஜெக்ட் பண்றது பத்தலன்னு இங்கயும் ஆரம்பிச்சிட்டியா?"

அவள் சிரித்தாள். கவரும் அங்கேதான் கிடந்தது.

சம்பத் தோல் பதனிடும் ஆலையொன்றில் பாய்லர் ஃபிட்டராக இருந்து பங்குனியில் ஓய்வு பெற்றவர். குழந்தைகள் இல்லை. இருபத்தொன்பது ஆண்டுகளில் ஒருவருக்கு ஒருவரே குடும்பம் என்றாகிவிட்டிருந்தது. ஓய்வு பெற்ற மறுமாதமே, நாட்றம்பள்ளி நெடுஞ்சாலையோரத்தில் பழைய வண்டிகளை வாங்கி விற்கும் ரஷீத் அஹமதுவிடமிருந்து, கித்தான் கூரை போட்ட, நான்கு சக்கரங்களுக்கும் விசை போகும் சின்ன ஜீப் ஒன்றை அவர் வாங்கிவந்தார். துருவைச் சுரண்டினார். பட்டி பூசினார். பெரிய டயர்களும் உயரமான ஸ்பிரிங் பட்டைகளும் போட்டு வண்டியை ஒரு சாண் தூக்கி நிறுத்தினார். "அமிர்தி காட்டத் தாண்டி, ஜவ்வாது மலை மண் ரோட்ல உன்ன ஏத்திக்கினு போறேன் பாரு. ஆனையே வழி உட்டுடும்" என்று தினமும் ஒரு முறை சொல்வார். தினமும் கேட்பதற்கு அவளுக்கு அது போதுமானதாக இருந்தது.

அடுத்த வாரம் அவர் இருக்கையைக் கழற்றினார்.

தாம் வேலை செய்த ஆலையிலிருந்தே பழுப்பு நிறத் தோல் வாங்கி, தைத்து, உள்ளே புது ஃபோம் வைத்தார். பிறகு தரையில் புதிய துளைகள் போட்டு, இருக்கையை நான்கு விரற்கடை பின்னுக்குத் தள்ளிப் பொருத்தினார். சம்பத் ஐந்தடி நான்கங்குலம். உட்கார்ந்து பார்த்தபோது அவருடைய பாதங்கள் பெடலுக்கு முன்னால் அந்தரத்தில் தொங்கின.

"எட்டலயே?"

"எட்டும்" என்றார். அவளைப் பார்த்துச் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் தோலில் மடிப்புகள் விழுந்திருந்தன. பதனிட்ட தோல் அம்பிகாவிடம் எதையும் மறைக்க முடியாது. இரண்டு தொடைகளின் பள்ளம். இடப்பக்கப் பள்ளம் ஆழம். முதுகுச் சாய்வில் தோள்பட்டைகளின் அழுத்தம். கைப்பையிலிருந்த அளவுநாடாவை எடுத்து வைத்துப் பார்த்தாள். அந்தத் தோள்கள் சம்பத்தின் தோள்களுக்கு ஏழங்குலம் மேலே இருந்தன. கொட்டகையில் மண்ணெண்ணெய், பிரைமர், புதுத் தோல் ஆகியவற்றின் நெடி எப்போதும் உண்டு. அவற்றுக்கு அடியில் இப்போது இன்னொன்று இருந்தது: மென்று துப்பிய புகையிலையின் புளித்த வாடை. சம்பத் வெற்றிலைகூடப் போடுவதில்லை.

மதில் சுவருக்கு அப்பாலிருந்து ஹலீமா பீ கூப்பிட்டாள். அடுத்த வீட்டுக்காரி, பதினைந்து ஆண்டுப் பழக்கம்.

"இன்னா அம்பிகா, உங்க ஊட்டுக்கு யாரு விருந்தாளி? சொல்லவே இல்ல?"

"யாரும் வரலியே அக்கா."

"காலையில வண்டிக்குள்ள உக்காந்துனு இருந்தாரே. நல்ல ஒயரமா. நான் சலாம் சொன்னேன், திரும்பக்கூட இல்ல."

"அவருதான் இருந்திருப்பாரு."

"அட போம்மா! சம்பத் பாயை எனக்குத் தெரியாதா? அந்த சீட்ல உக்காந்தா அவரு தல தெரிஞ்சாலே ஜாஸ்தி" என்று சொல்லிச் சிரித்த ஹலீமா பீ, அம்பிகாவின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள்.

அன்று பகல் உணவின்போதுதான் அவள் அந்த ஒலியைக் கேட்டாள். சம்பத் அவளுக்கு எதிரே அமர்ந்து, தலை குனிந்து, ரசச் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். தெருவில் வெயில் வெள்ளையாக நின்றது. மின்விசிறி சுற்றியது. கொட்டகைப் பக்கமிருந்து ஸ்பிரிங் ஒன்று இழுபட்டு முனகுவதும், விடுபட்டுத் தட்டுவதுமாக ஓர் ஒலி, அவசரமில்லாமல், நெரிசலான சாலையில் கியர் மாற்றி மாற்றிப் போகிறவனின் நிதானத்தோடு வந்துகொண்டிருந்தது. முனகல். தட்டல். முனகல். தட்டல். அவர் நிமிரவில்லை. அவள் கையிலிருந்த கரண்டி நழுவியது. அதை எடுக்க மேசைக்கு அடியில் குனிந்தாள்.

சம்பத்தின் இடது கால் அழுந்தியது. முனகல்.

உயர்ந்தது. தட்டல்.

அவர் சாப்பிட்டுக்கொண்டேயிருந்தார்.

அதன் பிறகு அவள் அவருடைய செருப்புகளைப் பார்க்கத் தொடங்கினாள். வாசலில் கிடந்த ஏழாம் எண் செருப்பு. இடது செருப்பின் வெளி ஓரம் ஒரே வாரத்தில் கரைந்திருந்தது. குதிகால் பின்னால் பிதுங்கி நின்றதற்கான கறை இருந்தது. இரவில் அவர் உறங்கும்போது, செய்தித்தாளைப் பாதத்தின்கீழ் பிடித்து, தொழிற்சாலையில் செய்வதுபோலவே பென்சிலால் சுற்றிக் கோடு இழுத்தாள். ஒன்பதாம் எண். அடுத்த வெள்ளிக்கிழமை மீண்டும் இழுத்தாள். பத்து. இடது பாதத்தின் கடைசி இரண்டு விரல்களும் தாளில் படவில்லை. தொட்டுப் பார்த்தாள். குளிர்ந்திருந்தன. தோலும் நகமும் இருந்தன. உள்ளே எலும்பு இருப்பதாகத் தெரியவில்லை.

டாக்டரிடம் போகலாம் என்றாள். அவர் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனார். அவளை அம்பி என்று அழைத்தும் நான்கு நாள்கள் ஆகியிருந்தன. எந்தப் பெயர் சொல்லியும் அழைக்கவில்லை. காலையில் கொட்டகைக்குள் போனால் இருட்டும்போது வந்தார். நிலைப்படியில் குனிந்து வந்தார். இருபத்தொன்பது ஆண்டுகளில் அந்த நிலைப்படிக்கு அவர் குனிந்ததே இல்லை.

இந்த மனிதரை இழந்துவிடுவோம் என்பது அவளுக்கு அந்தக் குனிவில் தெளிவாகப் புரிந்தது.

அவர் குளிக்கப் போன நேரத்தில் கொட்டகைக்குள் புகுந்து வண்டியின் தரைவிரிப்பைத் தூக்கினாள். சம்பத் போட்ட துளைகளுக்கு முன்னால், பற்றவைத்து அடைத்த பழைய துளைகள் இருந்தன. ஒரு வரிசையல்ல. நான்கு. நான்கு பேர் நான்கு வெவ்வேறு இடங்களில் இருக்கையை வைத்து ஓட்டத் தொடங்கியிருந்தார்கள். நால்வருமே பிறகு அதைக் கழற்றி, ஒரே இடத்துக்குத் தள்ளியிருந்தார்கள். சம்பத்தின் போல்ட்டுகள் இறங்கியிருந்த இடத்துக்கு. அங்கே நான்கு முறை துளைத்து அடைத்த பற்றவைப்புத் தழும்புகள் ஒன்றின்மேல் ஒன்றாக இருந்தன.

மறுநாள் பெர்மிஷன் சொல்லிவிட்டு நாட்றம்பள்ளிக்குப் பேருந்து ஏறினாள். ரஷீத் அஹமது அவளைக் கண்டதும் எழுந்து நாற்காலி போட்டார். எதற்காக வந்தாள் என்று விசாரிக்கவில்லை.

"இதுக்கு முன்னாடி எத்தன பேர் வாங்கினாங்க, பாய்?"

"நாலு பேரும்மா."

"அவங்க திருப்பிக் குடுத்துட்டாங்களா?"

"வண்டி திரும்பி வந்துச்சும்மா." அவர் மேசைமேல் இருந்த சாவிக்கொத்தை நகர்த்தி வைத்தார். "கொண்டாந்து விட்டது நாலு வாட்டியும் பொம்பளைங்கதான். ஒக்காந்து ஒரு டீ கூட குடிக்கல."

"ஊட்டுக்காரரு எங்கன்னு நீங்க கேக்கலையா?"

"கேட்டா சொல்லியிருப்பாங்க. அதான் கேக்கல."

"தெரிஞ்சே எங்களுக்கு வித்தீங்களா?"

"உங்க ஊட்டுக்காரர் வந்த அன்னிக்கு, அந்த வண்டிய வேலிக்குப் பின்னாடி தார்ப்பாய் போட்டு மூடி வெச்சிருந்தேன்மா. அவரே போய் அவுத்தாரு." ரஷீத் அஹமது அவளை நேராகப் பார்த்தார். "லாரி அனுப்பட்டுமா?"

"நாளைக்கே அனுப்புங்க."

திரும்பும் பேருந்தில் அவள் தன் தொழிலைக் கொண்டு கணக்குப் போட்டாள். ஷூ செய்வதற்கு லாஸ்ட் என்னும் கால் அச்சின்மேல் தோலை இழுத்துக் கட்டுவார்கள். சூடு கொடுப்பார்கள். குளிரவைப்பார்கள். போதிய நேரம் அச்சில் இல்லாவிட்டால், தோல் தன் பழைய நிலைக்கே திரும்பிவிடும். இங்கே அச்சு அந்த வண்டி. அது வந்து நாற்பது நாள்கள். சம்பத்தின் வயது ஐம்பத்தெட்டு. ஐம்பத்தெட்டு ஆண்டுகள் ஓர் உருவத்தில் இருந்த தோல் நாற்பது நாளில் இன்னொன்றை முழுமையாக ஏற்காது. இப்போதே அச்சை உருவிவிட்டால் அவர் மெல்ல மெல்லத் தளர்ந்து, சுருங்கி, தம்முடைய ஏழாம் எண்ணுக்கு வந்துவிடுவார். அம்பி என்று கூப்பிடுவார். ஆம்பூர் வரும்வரை அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டாள்.

மறுநாள் பதினொரு மணிக்கு லாரி வந்தது. அவர் தடுப்பார், கத்துவார், வண்டியின் முன்னால் படுத்துக்கொள்வார் என்று எண்ணி, அவள் ஹலீமா பீயைத் துணைக்கு வாசலில் நிற்கச் சொல்லியிருந்தாள்.

அவர் தடுக்கவில்லை.

எஞ்சினை ஏற்கெனவே ஏற்றிப் பூட்டியிருந்தார். கதவுகளை மாட்டியிருந்தார். வண்டி வெயிலில் புதிதுபோல் மின்னியது. கைகளைப் பழந்துணியில் துடைத்தபடி, லாரிக்காரனுக்குப் பலகையைச் சரியாக வைத்துக் கொடுத்தார். கயிற்றை இறுக்கிக் கட்டினார். ஒரு வேலையை ஒழுங்காக முடித்தவரின் சோம்பலான திருப்தி அவருடைய தோள்களில் இருந்தது.

"எடுத்துனு போ" என்றார் லாரிக்காரனிடம். "முடிஞ்சிருச்சு."

அந்தக் குரலைக் கேட்டு ஹலீமா பீ ஓரடி பின்வாங்கினாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். பிறகு திரும்பி, ஒன்றும் சொல்லாமல், தன் வீட்டுக்குள் போய்த் தாழ்போட்டுக்கொண்டாள்.

லாரி நகர்ந்தது. அம்பிகா வாசலில் நின்று அது தெருமுனையை அடைவதைப் பார்த்தாள். அப்போதுதான், இருபத்திரண்டு ஆண்டுகளாக அறிந்திருந்த ஒன்று, பேருந்தில் அவ்வளவு நேரம் யோசித்தும் தனக்குத் தோன்றாமற்போன ஒன்று, அவளுக்குத் தோன்றியது. பாதி வேலையில் யாரும் அச்சை உருவுவதில்லை. அச்சை உருவுவது கடைசி வேலை. ஷூ முழுமையடைந்த பிறகு.

நான்கு பெண்களும் அதைத்தான் செய்திருக்கிறார்கள்.

அவள் கையைத் தூக்கி அசைத்தாள். கத்தினாள். லாரி திரும்பி மறைந்தது.

சம்பத் கொட்டகைக்குள் போயிருந்தார். அங்கே ஓசை இல்லை.

போகக் கூடாது என்று நினைத்தாள். ஆனால் அங்கே இருந்தது அவளுக்கு இருந்த ஒரே மனிதர்.

போனாள்.

லாரி கிளப்பிய தூசி கொட்டகைக்குள் நிறைந்திருந்தது. தகர இடுக்குகளின் வழியே வெயில் கோடு கோடாக இறங்கியது. தரையில் நான்கு டயர்களின் தடம். நடுவே எண்ணெய்க் கறை.

சம்பத் உட்கார்ந்திருந்தார்.

நாற்காலி இல்லை. முக்காலி இல்லை. கட்டை இல்லை.

தரையிலிருந்து இடுப்பளவு உயரத்தில், முதுகைச் சாய்த்து, கைகள் இரண்டையும் முன்னால் வளைத்துப் பிடித்து, அவர் உட்கார்ந்திருந்தார். தொடையின் அடிச்சதை தட்டையாக அழுந்தியிருந்தது. சட்டையின் முதுகும் அப்படியே. பெரிய பாதங்கள் தரையைத் தொடவில்லை. வெயில் அவருக்குக் கீழே விழுந்தது. தடையின்றி. அவருடைய நிழல் தனியே, எதன்மீதும் அமராமல், கறையின்மேல் கிடந்தது.

"ஏங்க."

தலை திரும்பியது. சம்பத்தின் முகம்தான். கண்ணும் மூக்கும் வாயும் அவருடையவை. நன்றாக இழுத்துக் கட்டப்பட்டிருந்தன. ஒரு சுருக்கமும் இல்லை.

நீண்ட இடக்கை எட்டியது. இல்லாத ஒரு கொக்கியை விலக்கியது. இல்லாத ஒரு கதவை வெளியே தள்ளியது.

"ஏறு மே" என்றது அந்தக் குரல். சலிப்பும் உரிமையும் கலந்த, நெடுநாள் கணவனின் குரல். "எவ்ளோ நேரம் நிக்கறது."

தூசி அடங்கத் தொடங்கியது. எங்கும் தரையில் படிந்தது. அவருடைய இடப்பக்கத்தில் மட்டும் தரையை அடையவில்லை. அவர் அமர்ந்திருந்த அதே உயரத்தில், ஒரு பெண் உட்காரும் அகலத்தில், அது ஒன்றுமில்லாததன்மேல் மெல்லப் படிந்து, தட்டையாக, சாம்பல் நிறமாக நின்றது.

அவர் அதைப் பார்த்தார்.

பிறகு, அவளுக்காக, அதைக் கையால் துடைத்தார்.