விசில்காரர் வேண்டாம் என்றவன்

மழைக்கு ஒதுங்கிய இடத்தில்தான் அந்தச் சண்டை ஆரம்பித்தது.

ஃபுட்பால் ஸ்டேடியத்திலிருந்து வெளியே வந்த கூட்டத்தில் பாதி, எதிரே இருந்த பஸ் நிறுத்தத்தின் தகரக் கூரைக்கு அடியில் நெருக்கியடித்துக்கொண்டு நின்றது. மறுபடியும் தோல்வி. அதுவும் சொந்த மைதானத்தில், கடைசி நிமிஷத்தில்... யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. அப்போதுதான் ஒருவருடைய போனில் அந்தச் செய்தி வந்து விழுந்தது.

"டீம் மேனேஜரை வேலையை விட்டுத் தூக்கிட்டாங்களாம்பா!"

அவ்வளவுதான். துக்க வீடு கல்யாண வீடாகிவிட்டது. அடுத்தது யார் என்று ஆளாளுக்கு ஆரம்பித்தார்கள். வெளிநாட்டிலிருந்து பெரிய ஆளைக் கொண்டுவர வேண்டும் என்றார் ஒரு தபால்காரர். பழைய கேப்டனைக் கூப்பிட்டால் என்ன என்றார் காய்கறிப் பையோடு நின்ற ஒரு அம்மாள்.

"எதுக்கு ஊரெல்லாம் தேடணும்? நம்ம விசில் இருக்காரே!"

மூலையில் நின்றவள் காதைத் தீட்டிக்கொண்டாள். விசில் என்பது உதவி கோச். கழுத்தில் எந்நேரமும் விசில் தொங்குவதால் ரசிகர்கள் வைத்த பெயர். அவருடைய ஒரே மகள் அவள். ஆனால் அதை வெளியே சொல்லிக்கொள்ள மாட்டாள். ஜெயித்தால் ஒட்டிக்கொள்கிறவர்களும் தோற்றால் திட்டுகிறவர்களும் ஒரே ஆட்கள்தான் என்பதைச் சின்ன வயதிலேயே பார்த்துவிட்டவள்.

"விசிலா?" கூட்டத்துக்கு மேலே ஒரு தலை உயர்ந்த ஒரு நெட்டையன் சிரித்தான். "பயிற்சிக்கு மைதானத்துல கூம்பு அடுக்கணும்னா அவரை விட்டா ஆளில்லை. டீமை அவர் கையில குடுத்தா... கரையேறின மாதிரிதான்!"

அவளுக்குச் சுர்ரென்று ஏறியது.

"நீங்க எத்தனை டீமைக் கரையேத்தியிருக்கீங்க?"

அவன் திரும்பினான். நனைந்த முடி நெற்றியில் ஒட்டியிருக்க, இமையில் ஒரு மழைத்துளி விழவா வேண்டாமா என்று தொங்கிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே... கொஞ்சம் சுருக்கி, கூர்ந்து, சிரிப்பை உள்ளே வைத்துப் பூட்டிய கண்கள். அந்தக் கண்களைப் பார்த்ததும், அடுத்து சொல்ல வைத்திருந்த வாக்கியம் அவளுக்கு மறந்துபோனது.

"நான் லிஃப்ட் மெக்கானிக்குங்க. மனுஷங்களைத்தான் ஏத்தி இறக்குவேன்."

கூட்டம் சிரித்தது. அவளும் சிரித்திருப்பாள்... கோபம் இல்லாதிருந்தால்.

"சரி, உங்க ஆள் யாரு? சொல்லுங்க, கேப்போம்."

"பெண்கள் டீம் கோச்சம்மா."

கூரை அதிர்ந்தது. தபால்காரர் தலையில் அடித்துக்கொண்டார். அவன் அசரவில்லை. "சிரிங்க. அந்தம்மா சரியா ஆடாத ஸ்டாரைப் பெஞ்சுல உக்கார வெச்சாங்க. நம்ம பக்கம் அந்தத் தைரியம் யாருக்கு இருக்கு?"

"இன்னிக்கு ரெண்டாவது கோல் ஆஃப்சைடுன்னு கத்தினது நீங்கதானே?" அவள் விடவில்லை. " நாலடி உள்ளே நின்னான். முதல்ல கண்ணை டெஸ்ட் பண்ணுங்க, அப்புறம் கருத்து சொல்லுங்க!"

பஸ் வந்தது. அவள் ஏறிவிட்டாள். ஜன்னல் கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தபோது அவன் மழைக்குள்ளே ஓரடி இறங்கி நின்று பஸ்ஸையே பார்த்துக்கொண்டிருந்தான். 'நனையுது பார், மாடு...' என்று நினைத்துக்கொண்டாள். ஏனோ வீடு வரும்வரை உதட்டோரச் சிரிப்பு அடங்கவே இல்லை.

அவள் கடைவீதியில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவள். அடுத்த வாரம் இருட்டறைத் திரையை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தவர் நிலைப்படியில் தலையை இடித்துக்கொண்டார்.

"ஐயோ, பார்த்து..." என்று எழுந்தவள் அப்படியே நின்றாள்.

"நீங்களா!" அவனுக்கும் வாய் மூடவில்லை. "சத்தியமா உங்க கடைன்னு தெரியாதுங்க. ஒருத்தங்க நடுரோட்டுல மானத்தை வாங்கிட்டாங்களேன்னு ரோஷத்துல வந்தேன்."

"உக்காருங்க. தாடையை இதுல வைங்க. நெத்தியை ஒட்டுங்க. பேசக்கூடாது."

மெல்லிய ஒளிக்கீற்றை அவன் கண்ணுக்குள் செலுத்தினாள். தினமும் எத்தனையோ கண்களைப் பார்க்கிறவள்தான். ஆனால் இந்தப் பழுப்புக் கண்மணிக்குள் தேன் நிறத்தில் சின்னச் சின்ன இழைகள்... மழை ஓய்ந்த தெருவில் விளக்கு வெளிச்சம் பரவுகிற மாதிரி. ஒரு சாண் தூரம்கூட இல்லை. மூச்சை எங்கே விடுவது என்று தெரியவில்லை.

"டாக்டர்... உள்ளே ஏதாவது தெரியுதா?"

"திமிர் தெரியுது. நான் டாக்டர் இல்லை. அசையாதீங்க."

லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டாள். கடைசியில் அவளாலேயே நம்ப முடியவில்லை. "எதிர்ப்பக்க கோல் போஸ்ட் உங்களுக்கு மங்கலாத்தானே தெரியும்? இவ்வளவு நாளா என்னத்தைத்தான் பார்த்துட்டிருந்தீங்க?"

"பக்கத்துல கத்தறவங்களோட சேர்ந்து கத்துவேன்..." என்றான் பரிதாபமாக.

அவள் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பில்தான் எல்லாம் ஆரம்பித்தது. கண்ணாடி தயாராகிவிட்டதா என்று கேட்க ஒருநாள் வந்தான். தயாராகவில்லை என்று தெரிந்தே மறுநாளும் வந்தான். எதிர்த்த காப்பிக் கடையில் உட்கார்ந்து அடுத்த மேனேஜர் யார் என்று அடித்துக்கொண்டார்கள். ஒருமுறை அவன் சொன்னான்:

"விசில் தங்கமான மனுஷன். அன்னிக்குத் தோத்தப்பகூட எதிர் டீம் கோல்கீப்பரைத் தட்டிக் குடுத்துட்டுப் போனாரு. அதனாலதான் சொல்றேன்... அவருக்கு யாரையும் வேணாம்னு சொல்ல வராது. மேனேஜர் வேலையே வேணாம்னு சொல்றதுதானே, டாக்டர்?"

அவர் என் அப்பா என்று சொல்ல வாய் வரை வந்தது. சொன்னால் இவன் நாளையிலிருந்து வார்த்தையை அளந்து பேசுவான்... அளக்காமல் பேசுகிற இந்த முகம் போய்விடும். காப்பியை மட்டும் குடித்தாள்.

அந்த வாரமே கிளப் அறிவித்தது: தற்காலிக மேனேஜர், விசில். சரிப்பட்டு வந்தால் அவரே நிரந்தரம். வீடு கொள்ளாத சந்தோஷம். அம்மா, அப்பாவின் சட்டையை ரெண்டு தடவை இஸ்திரி போட்டாள். சாப்பாட்டு மேஜையில் ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது. ரசிகர்கள் போனில் பேசுகிற நிகழ்ச்சி.

"விசில் வேணாங்க. நல்லவரு, மறுக்கல. ஆனா சிங்கத்துக் கூண்டுக்குள்ள முயலை விடாதீங்க. பாவம்..."

அவள் கையிலிருந்த ஸ்பூன் தட்டில் விழுந்தது. அந்தக் குரல்...

அப்பா சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே இருந்தார். வாயில் வைக்கவில்லை. அவர் காது மடல் சிவந்திருந்தது.

மறுநாள் அவன் சிரித்துக்கொண்டே கடைக்குள் வந்தபோது, கண்ணாடிப் பெட்டியை மேஜையில் டொக்கென்று வைத்தாள்.

"நேத்து ரேடியோவுல முயல்னு சொன்னீங்களே... அது எங்கப்பா."

அவன் முகம் வெளுத்தது.

"சொன்ன விதம் தப்பு. கால்ல விழச் சொன்னாலும் விழுந்து மன்னிப்பு கேக்கறேன். ஆனா..."

"ஆனா?"

"சொன்ன விஷயத்தை எப்படிங்க வாபஸ் வாங்குவேன்? இப்போ உங்கப்பாதான் சரியான ஆளுன்னு சொன்னா, அது உங்களுக்காகச் சொல்ற பொய். நாளைக்கு நான் வேற என்ன சொன்னாலும் நீங்க நம்பணுமில்ல..."

"நான் ஒண்ணும் நம்பவேண்டாம். கிளம்புங்க."

போய்விட்டான். போன் அடித்தது; எடுக்கவில்லை. பிறகு அடிக்கவும் இல்லை. அதுதான் இன்னும் வலித்தது... 'வராதேன்னா வராம இருந்துடறதா? லூசு...'

அப்பாவின் டீம் ஒன்றில் ஜெயித்தது, ஒன்றில் சமன் செய்தது. ஆனால் அப்பா தேய்ந்துகொண்டே வந்தார். ஒரு மாட்ச் முடிந்து வீட்டுக்கு வந்து, அணியில் சேர்க்கப்படாத ஒரு பழைய வீரன் தன் தோளில் சாய்ந்து அழுததைச் சொன்னார். "அவன் அழுதான்னு அவனையே ஆட்டத்துல இறக்கிட்டேன்மா," என்றார். அன்றைக்குக் கிளப் அவரிடம் நிரந்தர ஒப்பந்தத்தை நீட்டியிருந்தது. அம்மாவும் அவளும் துள்ளினார்கள். அப்பா மட்டும் செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார்.

"ஏம்பா, சந்தோஷமில்லையா?"

"இந்த வேலை எனக்கு வேணும்னு நான் எப்பவாவது சொன்னேனா?"

அவள் யோசித்தாள். சொன்னதே இல்லை. சொன்னதெல்லாம் அவள்தான். அப்பாவை யாரும் கூம்பு அடுக்குகிறவர் என்று சொல்லக்கூடாது என்ற வெறி அவளுடையது.

"எனக்கு அந்தப் பசங்களோட ஓடணும், கத்துக்குடுக்கணும். அவ்வளவுதான். எல்லாரும் கேட்டாங்க, முடியாதுன்னு சொல்ல வரல. ரேடியோவுல ஒரு தம்பி என்னைப் புட்டுப்புட்டு வெச்சான் பாரு... கூச்சமாத்தான் இருந்துச்சு. ஆனா அன்னிக்கு ராத்திரிதான் நிம்மதியாத் தூங்கினேன். என்னைப் புரிஞ்ச ஒருத்தனாவது இருக்கானேன்னு."

அவள் கண் நிறைந்துவிட்டது.

"அந்தத் தம்பியை இவளுக்குத் தெரியும்," என்றாள் அம்மா, தட்டை எடுத்துக்கொண்டே. "ஸ்பூன் விழுந்தப்பவே எனக்குத் தெரியும்."

அப்பா நிமிர்ந்து மகளைப் பார்த்தார். நீண்ட நாளைக்குப் பிறகு அவர் முகத்தில் ஒரு குறும்பு. "நாளைக்குக் காலையில நான் போய் வேணாம்னு சொல்லிட்டு வரேன். கோச்சம்மா பேரையும் சொல்றேன். அவங்கதான் சரி. நீ யார்கிட்ட போய் என்ன சொல்லணுமோ சொல்லிட்டு வா."

மறுநாள் மதியம் அவன் கம்பெனியில் விசாரித்து, ஒரு பழைய ஆறுமாடிக் கட்டடத்துக்குப் போனாள். லிஃப்ட் பழுது. கீழ்த்தளத்தில் பெட்டி படுக்கையோடு ஒரு வயதான தம்பதி காத்திருந்தார்கள். திறந்திருந்த கதவுக்கு உள்ளே, லிஃப்ட் பெட்டியின் கூரைத் திறப்பிலிருந்து ரெண்டு நீளமான கால்கள் தொங்கின. அந்தக் கால்களை எங்கே பார்த்தாலும் தெரியும்.

"அப்பா வேலையை வேணாம்னு சொல்லிட்டாரு," என்றாள் கால்களைப் பார்த்து.

கால்கள் அசைவது நின்றது.

"நீங்க சொன்னது சரி. எனக்குத்தான் ரோஷம். உங்களைப் போகச் சொன்னேனே... அன்னிக்கே வாசல் வரைக்கும் ஓடி வந்தேன். அதுக்குள்ள நீங்க தெருமுனை திரும்பிட்டீங்க. நெட்டைக் காலை வெச்சுக்கிட்டு இவ்வளவு வேகமாவா போறது?"

மேலேயிருந்து ஸ்பேனர் ஒன்று ணங்கென்று விழுந்தது.

"தம்பி," என்றார் பெரியவர் பொறுமையாக, "லிஃப்டை அப்புறம் பாத்துக்கலாம். அந்தப் பொண்ணுக்கு முதல்ல பதில் சொல்லு."

அவன் இறங்கி வந்தான். முகமெல்லாம் கிரீஸ். கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் பின்னால் கட்டிக்கொண்டான்.

"பஸ் ஜன்னலைத் துடைச்சு நீங்க திரும்பிப் பாத்தீங்களே, அப்பவே பிடிச்சுப்போச்சுங்க. உங்கப்பா விஷயம் தெரிஞ்சப்புறம் சொன்னா... சமாதானத்துக்காகச் சொல்றேன்னு நெனச்சுடுவீங்களோன்னு வாயை மூடிட்டு இருந்தேன். தினம் உங்க தெரு வழியாத்தான் போறேன். உள்ளே வரத்தான் தைரியமில்லை."

"இப்போ?"

"இப்போ... நீங்க இல்லாம முடியாதுங்க. இது யாருக்காகவும் சொல்ற பொய் இல்லை."

அவள் அவன் பின்னால் ஒளித்திருந்த கையை இழுத்துப் பிடித்துக்கொண்டாள், கிரீஸும் அழுக்குமாக. "எனக்கும்தான், முட்டாளே..." என்றாள்.