வெறும் தகடு

சொட்டுத் தண்ணீர்கூட வைக்காத வெள்ளித் தகடு அது. லேசர் பட்டால் திரையில் கோடு நேராகப் போக வேண்டும். நடுவில் ஒரு முகடு எழுந்திருந்தது.

லேசர் ஒளியால் பொருளை இனங்காணும் ராமன் நிறமாலைக் கருவியோடு, அந்த ஆய்வகத்தில் அவனுக்குப் பதினோரு வருடப் பழக்கம். வெள்ளியில் ஒட்டிய மூலக்கூறு எவ்வளவு சொற்பமானாலும் அங்கே பல மடங்கு பெரிதாகித் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். ஆகவே முதலில் வெறும் தகடு, பிறகுதான் மாதிரி. இந்த முகடு பூச்சிமருந்தினுடையது.

பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்த்தார். "என்னய்யா, வெறும் தகட்டுக்கே காய்ச்சல் பாக்குற?"

"அழுக்கு போல சார்."

"கைய கழுவிட்டு வா" என்று சிரித்தபடி டீ குடிக்கக் கிளம்பினார்.

கழுவினான். புது உறை பிரித்து வேறு தகடு வைத்தான். அதே முகடு, சற்று உயரமாக. ஏசியின் முனகலுக்கும் ஸ்பிரிட் வாசனைக்கும் அடியில், அக்கா வீட்டுக் கிணற்றின் பாசி நாற்றம் மெல்லக் கசிந்து வந்தது.

மூன்று மாதத்துக்கு முன் அத்தான் அந்தக் கிணற்றுத் தண்ணீரைச் சோதிக்கக் கொடுத்தார். அன்று வேலை நெருக்கடி. பாட்டிலைத் திறக்கவே இல்லை. வெறும் தகட்டின் நேர்கோட்டையே தண்ணீரின் முடிவாக அச்செடுத்து, தாராளமாகக் குடிக்கலாம் என்று நீட்டிவிட்டான். போன மாதம் அக்காவை அடக்கம் செய்தார்கள்.

இப்போது அத்தான் கொடுத்த இரண்டாவது பாட்டில் மேசைமேல். இதுவும் திறக்கவில்லை.

போன் அடித்தது. அத்தான்.

"மாப்ள, தண்ணி என்னாச்சு? உன் பேப்பர நம்பித்தான் பாப்பாவுக்கும் அதையே குடுத்துட்டிருக்கேன்."

உண்மையைச் சொன்னால் பழைய தாளும் வெளியே வரும். பாட்டிலைத் திரைக்குப் பின்னால் நகர்த்தினான்.

"மாப்ள?"

"ஒண்ணுமில்ல அத்தான். குடுங்க."

"உன்ன விட்டா எனக்கு யாருப்பா இருக்கா" என்று சொல்லி அவர் வைத்துவிட்டார்.

திரையில் கோடு நேராகிவிட்டிருந்தது. முகடு இல்லை. அவன் மூச்சு விட்டான்.

உள்ளே எதுவோ பதிலுக்கு விட்டது.

கருவியின் மூடிய கண்ணாடிக்குள், தகட்டின் மேல் ஈரப்படலம். வாய் வைத்து ஊதியதுபோல். மங்கியது. மறுபடி படர்ந்தது.

லேசரை அணைத்தான். நிற்கவில்லை.

மங்கியது. படர்ந்தது.

அதன் பக்கத்தில், மெதுவாக, இன்னொன்று.

சின்னது. ஒரு குழந்தையின் வாயளவு.