மாமாவுக்கு மட்டும் தனிச் சட்டி

முதல் வாய் சூப் உள்ளே போனதுமே சுவீ ஹாக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். மருமகள் பீ குவாட் தேநீர்க் குடுவையை எடுத்தாள்.

"இதுக்குப் பேரு பா குத் தே சூப்பா? எலும்பு கழுவின தண்ணி..."

அவள் அவருக்குத் தேநீர் ஊற்றினாள்.

சீனாவிலிருந்து கப்பலேறி வந்து மலாயாவின் கிள்ளான் துறைமுகத்தில் மூட்டை தூக்கிய அவருடைய அப்பா, ஓய்ந்த உடம்புகளுக்காக வேரும் பட்டையும் போட்டுப் பன்றி எலும்பைக் கொதிக்கவைத்து ஆரம்பித்த கடை இது. போன வருஷம் நெஞ்சுவலி வந்து படுத்து எழுந்ததிலிருந்து மாமாவுக்கு இதே குறைதான். தினமும் கிண்ணத்துக்குள் அப்பாவைத் தேடுவார். கிடைக்காமல் முகம் வாடிப்போகும். அதைப் பார்க்கத்தான் அவளுக்குத் தாங்காது. திட்டுகூடப் பரவாயில்லை.

இன்றைக்கு முடிவாகவே சொல்லிவிட்டார்.

"காசு மிச்சம் பிடிக்க வேரைக் குறைச்சிட்டே. நாளையிலேர்ந்து சின்னவன் பொண்டாட்டி அடுப்பைப் பாத்துக்கட்டும்."

"சரிங்க மாமா. அடுப்பை அவகிட்டயே குடுத்திடறேன். உங்க சட்டியை மட்டும் நான் வைக்கிறேனே..."

"அதைத்தான் வேணாங்கறேன்."

இறைச்சி வெட்டிக்கொண்டிருந்த கணவன் கெங் சூன் தலை நிமிரவில்லை.

அந்த நேரம் பார்த்து வாசல் மேசையிலிருந்து லாரி ஓட்டும் ஊய் என்பவன் குரல் கொடுத்தான். சின்ன வயதில் குடித்த அதே ருசி, கடையை ஆரம்பித்த பெரியவரின் கைப்பக்குவம் அப்படியே இருக்கிறது என்றான்.

சுவீ ஹாக் விருட்டென்று எழுந்தார். கடைக்கு வருகிறவர்களுக்கான பெரிய பானையின் மூடியைத் திறந்தார். ஆவி முகத்தில் அடித்தது. அப்படியே நின்றுவிட்டார்... அந்த வேர். அப்பாவின் வேர்! அகப்பையில் மொண்டு வாயருகே கொண்டுபோனார்.

பீ குவாட் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"குடிக்காதீங்க மாமா."

"ஊருக்கெல்லாம் ஊத்தறே. எனக்கு மட்டும் இல்லையா?" அவர் குரல் உடைந்தது.

"அந்த வேரும் ரத்தம் உறையாம இருக்க உங்களுக்குக் குடுத்த மாத்திரையும் ஒண்ணா சேரக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாரு. உங்ககிட்ட சொன்னா மாத்திரையைத்தான் தூக்கிப் போடுவீங்க... அதான் உங்களுக்குத் தனிச் சட்டி."

கெங் சூன் கத்தியைக் கீழே வைத்தான்.

"நெசந்தான்பா. நான் சொல்லியிருக்கணும். இவ ஏச்சு வாங்கறதப் பாத்துக்கிட்டே நின்னேன்."

சுவீ ஹாக் அகப்பையில் இருந்ததைப் பானையிலேயே ஊற்றினார். குனிந்து, கண்ணை மூடி, அந்த ஆவியை நெஞ்சு நிறைய இழுத்தார். மூடிய இமையோரம் ஈரம் கசிந்தது.

"வாசனைக்குத் தடை இல்லையேம்மா?"

"இல்லீங்க மாமா..." அவளும் அழுதுவிட்டாள்.

அவர் திரும்பிப் போய்த் தன் சட்டியை இழுத்துவைத்துக்கொண்டு ஒரு சொட்டு விடாமல் குடித்தார்.

"நாளைக்கும் நீயே வை," என்றார். "பெரிய பானை மூடியை மட்டும் யாரும் தொடக் கூடாது. காலையில நான்தான் தொறப்பேன்."