ஆறு பூஜ்யங்கள்

வாலுவின் அப்பா இரவுப் பேருந்து ஓட்டுகிறவர். பகலில்தான் தூங்குவார். அந்த அறையில்தான் கம்ப்யூட்டரும் இருந்தது. பாகம் பாகமாக வாங்கி அதைத் தானே பொருத்திய அக்கா, வெளியூர் வேலைக்குப் போகும்போது தங்கை வாலுவிடம் கொடுத்துவிட்டாள்.

அதில் ஒரே ஒரு தொல்லை. உள்ளிருக்கும் விசிறிகளின் விளக்குகள் சிவப்பு, பச்சை, நீலம் என்று மின்னிக்கொண்டே இருக்கும். திரைச்சீலை போட்டு இருட்டாக்கிய அறையில் சுவரெல்லாம் சர்க்கஸ்தான். அப்பா கையால் கண்ணை மூடிக்கொண்டு புரள்வார்.

ஒரு நாள் மாலை, டீயில் சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டுக் குடித்தார். பாதி டம்ளர் காலியான பிறகும் அவருக்குத் தெரியவில்லை.

அம்மா பயந்துபோனாள். “இந்தத் தூக்கக் கலக்கத்தோட வண்டி ஓட்டப் போறீங்களா?” என்று கேட்டு, அன்று அவரை விடுப்பு எடுக்க வைத்தாள். அக்கா வரும்வரை கம்ப்யூட்டரைத் தொடக் கூடாது என்றும் சொல்லிவிட்டாள். வாலுவின் பள்ளிக் கட்டுரையோ பாதியில் நின்றது.

“ஒரு நாள் குடும்மா. நான் பாத்துக்கறேன்,” என்றாள் வாலு.

அம்மா சம்மதித்ததும், முதலில் கம்ப்யூட்டர் பெட்டியைத் துண்டால் மூடினாள். சூடேறியது. உடனே எடுத்துவிட்டாள். பிறகு விளக்குகளை அணைக்கச் சொல்லி ஒரு கட்டளை தட்டினாள். விளக்குகள் அணைந்தன. ஆனால் கம்ப்யூட்டரை மறுபடி போட்டதும் பழையபடி மின்னின.

ஒவ்வொரு தடவையும் சொல்ல வேண்டுமா? அவளுக்கு அக்காவின் கோப்பு ஞாபகம் வந்தது. இந்த லினக்ஸ் கம்ப்யூட்டர் எப்படி இருக்க வேண்டும் என்று அக்கா அதில்தான் எழுதியிருந்தாள். தமிழ் விசைப்பலகை வேண்டும், கடிகாரம் இப்படி இருக்க வேண்டும் என்று வரிசையாக. எழுதியது எழுதியபடியே ஒவ்வொரு முறையும் நடந்தது.

அந்த வரிகளைப் பார்த்து வாலுவும் அதே கோப்பில் சில வரிகள் சேர்த்தாள். கம்ப்யூட்டர் எழுந்ததும் விளக்குகளின் நிறம் கறுப்பாக வேண்டும். கம்ப்யூட்டரில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஓர் எண் உண்டு; வெளிச்சமே இல்லாத கறுப்புக்கு, ஆறு பூஜ்யங்கள்.

பிழை என்றது திரை. வரி எண்ணையும் காட்டியது. பார்த்தால், கடைசியில் ஓர் அரைப்புள்ளியைக் காணோம். அதைப் போட்டு, புதிய அமைப்பை ஏற்றி, அணைத்துப் போட்டாள். ஒரு கணம் மின்னிய விளக்குகள் அடங்கின. இன்னும் இரண்டு தடவை அணைத்துப் பார்த்தாள். அதே இருட்டு.

அடுத்த இரவு வண்டி ஓட்டிவிட்டு வந்த அப்பா, கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தும் மாலை வரை அசையாமல் தூங்கினார். எழுந்து பெட்டியைப் பார்த்துவிட்டு, “என்னம்மா, கம்ப்யூட்டர் ரிப்பேரா?” என்று கவலையோடு கேட்டார்.

“இல்லப்பா, இப்பதான் சரியா இருக்கு,” என்ற வாலு, கட்டுரையின் கடைசி வரியைத் தட்டி முடித்தாள்.